நடுப்படியில் நின்ற டோலி

கஜபதி பட்டாளத்திலிருந்து திரும்பிய அன்று அவனை அழைத்து வர திருத்தணி ஸ்டேஷனுக்கு ஏழெட்டுப் பேர் போயிருந்தார்கள். ஒருவன் மாலைகூட வாங்கி வைத்திருந்தான். நாலு மாதம் போனதும் அதே ஏழெட்டுப் பேர் அவன் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தார்கள். அவர்களைக் குறைசொல்லக்கூட அவன் மனைவி கன்னியம்மாளுக்குத் தெம்பு இல்லை. விடிந்தால் அவளுக்குத் தண்ணீர்க் குடம் காத்திருந்தது. அடிவாரக் குளத்தில் மொண்டு, படியேறி, மலைமேல் மோரும் பானகமும் விற்கிறவர்களின் பானைகளை நிரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு நடை, பத்து நடை. கூட்டமுள்ள நாளில் அதற்கும் மேலே.

பட்டாளம் என்றால் துப்பாக்கிப் பட்டாளம் இல்லை. அஸ்ஸாம் பக்கத்தில் காட்டை வெட்டி ரோடு போட்ட கூலிப் பட்டாளம். நாற்பத்திரண்டில் போனவன் சண்டை முடிந்து நாற்பத்தாறு பங்குனியில்தான் வந்தான். போகும்போது மலையில் படியேற முடியாதவர்களை டோலியில் தூக்கிக்கொண்டிருந்தவன். நாலு பேர் தூக்கும் டோலியில் அவனுக்குப் பின்வலது தோள். வரும்போது அந்தத் தோளில் ஒரு தழும்பும், அடிக்கடி வந்து எலும்பை உலுக்கும் குளிர்ஜுரமும், ஒரு காகிதமும் இருந்தன. காகிதத்தில் அவன் நடத்தை நன்று என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். படித்துச் சொன்னவர் காபி கிளப் சடகோபன். குடியையும் அவன் அங்கேதான் கற்றான். மழையில் மண் வெட்டிவிட்டு வருகிறவர்களுக்குச் சர்க்காரே சாயங்காலம் ரம் ஊற்றிக் கொடுத்ததாக அவன் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு, "சர்க்கார் குடுத்தா குடிச்சிடறதா? புத்தி எங்க போச்சு?" என்றார்கள்.

வேலை தேடாமலும் அவன் இருக்கவில்லை. டோலி மேஸ்திரி கோதண்டபாணியிடம் போனான். கோதண்டபாணி வேறு யாருமில்லை, கன்னியம்மாளின் அக்காள் புருஷன். ஆனால் கஜபதியின் இடத்தில் இப்போது கிருஷ்ணன் என்பவன் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரன். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோய்ப் பிழைப்புக்கு மலையடிவாரத்துக்கு வந்தவன். அவனைப் போ என்று எப்படிச் சொல்வது? கஜபதி அரக்கோணத்துக்கு நடந்தே போய் ரயில்வேயில் கேட்டான். அங்கே அவனைப் போலவே காகிதம் வைத்திருந்தவர்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று என்று வந்து சொன்னான். இரண்டாவது தடவை போனான், மூன்றாவது தடவையும் போனான். நாலாவது தடவை போகிறேன் என்று கிளம்பி, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த சாராயக் கடையோடு நின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு ஊருக்குப் பேச்சு சுலபமாயிற்று. "உழைக்கிற கைக்கு வேலையா இல்ல?" என்பார் சடகோபன், பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி. நல்ல மனிதர்தான். கன்னியம்மாள் கிளப்புக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் நாளில் ஒரு லோட்டா காபி தராமல் அனுப்பமாட்டார். காபியோடு அதையும் சொல்வார். "உன்னப் பாரு, பொம்பள நீ. மலையையே தலைல தூக்கிகினு போற. அவன் கல்லு மாதிரி இருக்கான். குடிச்சிக் குடிச்சி வேலைய கெடுத்துக்கினான்." வேலை கிடைக்காத பிறகுதான் கடைக்குப் போக ஆரம்பித்தான் என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எது முன்ன, எது பின்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்றுவிட்டார். காபி ஆறிக்கொண்டிருந்ததால் அவளும் விட்டுவிட்டாள்.

ஆடி மாதம் பிறந்தது. கிருத்திகைக்கு வரும் கூட்டத்துக்கு இருக்கிற டோலிகள் போதாது. கோதண்டபாணி இன்னொரு டோலி கட்டப்போவதாகக் கேள்விப்பட்டு கன்னியம்மாள் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மூங்கிலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"பாவா, அவருக்கு ஒரு தோள் குடு" என்றாள்.

அவர் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கன்னிமா, நான் அவன வேணாம்னு சொல்லல. அவன மாதிரி தோள் இந்த மலைல யாருக்கும் இல்ல, எனக்குத் தெரியாதா? ஆனா படியில ஒருத்தன் கால் தடுக்கினா மத்த மூணு பேரும் சேந்து போவணும். மேல குந்திகினு இருக்கிறவங்க நம்மள நம்பி குந்திகினு இருக்காங்க. குடிய வுட்டுட்டு வரச் சொல்லு."

"எத்தினி நாள் வுடணும்?"

"மூணு நாள் வாய்ல படாம இருக்கட்டும். போதும். நாலாம் நாள் கிருத்திகை."

அவள் வந்து சொன்னதும் கஜபதி கையை விரித்துப் பார்த்தான். "மூணு நாளுதானே" என்றான். சிரிப்புமில்லை, வீறாப்புமில்லை. இடுப்பிலிருந்த சில்லறையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டான்.

முதல் நாள் தூங்கியே கழித்தான். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் கஞ்சி கொடுக்க வந்தபோது வேர்வையில் நனைந்து கிடந்தான். ஜுரமா என்று தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை. ஆனால் பிடித்த குவளை அவன் கையில் நிற்காமல் பல்லில் மோதிக் கடகடவென்றது. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது, தட்டிவிடு என்றான். சுவரில் எறும்பு எதுவும் இல்லை. அவள் வெறுஞ்சுவரைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, "போயிடிச்சி" என்றாள்.

"யோவ், முடியலன்னா வேணாம். பாவாகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாத. உள்ள ஆடுது, அவ்ளோதான். வெளிய தெரியாது."

கிருத்திகை அன்று அவன் குளித்து, விபூதி பூசி, பழைய தலைப்பாகையைச் சும்மாடாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். கன்னியம்மாளுக்கும் அன்று ஓயாத நடை. படி முழுக்கக் காவடி. மஞ்சள் துணி, பூ வாசனை, வழித்த தலைகளில் சந்தனம், அரோகரா சத்தம். குடத்தோடு கூட்டத்தில் ஓரமாக ஏறும்போது கஜபதியின் டோலி மேலேயிருந்து காலியாக இறங்கி வருவதைப் பார்த்தாள். முதல் நடை முடிந்துவிட்டது. அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நடை பழைய நடைதான். அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். அன்றைக்குக் குடம் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

அடுத்த நடைக்கு வாலாஜாபேட்டையிலிருந்து வந்த கௌரியம்மாள் என்ற வயதான அம்மாள் ஏறியிருந்தாள். கனத்த உடம்பு. முழங்காலில் வாதம். முன்னால் கோதண்டபாணியும் சின்னசாமியும், பின்னிடது தங்கவேல், பின்வலது கஜபதி. இருநூறு படிக்கு மேல் ஏறியிருப்பார்கள். கன்னியம்மாள் காலிக் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தபோது டோலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மற்ற மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு மூங்கிலைத் தாங்கி, அகலமான ஒரு படியில் டோலியை எப்படியோ இறக்கி வைத்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு அடி எதுவும் படவில்லை. பயத்தில் கத்திக்கொண்டிருந்தாள். கஜபதி மண்டியிட்டுக் கிடந்தான். இரண்டு கையும் படியை ஊன்றியிருக்க, உடம்பு முழுக்க நடுங்கியது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் யாரோ ஒருவன் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான்.

"குடிச்சிட்டு டோலி தூக்க வந்துக்கிறான் பாரு. கிருத்திகை அன்னிக்கிகூட வுடல பாரு."

"சாமி மலைடா இது."

"இவனுக்கு யாரு தோள் குடுத்தது?"

கஜபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பல் அடித்துக்கொண்டதில் பேச்சு வரவில்லை. கன்னியம்மாள் அவன் முகத்தைப் பிடித்து, குனிந்து, அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. மாதக்கணக்கில் தினமும் வாசலில் செய்துவந்த வேலை, தானாக நடந்துவிட்டது. பசித்த வயிற்றின் புளிப்பைத் தவிர வேறு வாசனை இல்லை. அவள் தலையைத் தூக்கியபோது அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அறைந்தவனை அவன் அப்படிப் பார்க்கவில்லை.

"இவரு குடிக்கல" என்றாள் கன்னியம்மாள், சுற்றி நின்றவர்களிடம். "மூணு நாளா தொடல. அதனாலதான் ஆடுது."

ஒருவன் சிரித்தான். "குடிச்சா ஆடும்னு கேட்டுக்கிறேன். குடிக்காததால ஆடுதாம்." இன்னொருவன், "பொண்டாட்டி வேற இன்னா சொல்லுவா?" என்றான். கோதண்டபாணி நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. நம்பினாலும் டோலி நடுப்படியில் நின்றுகொண்டுதான் இருந்தது.

"என்ன இங்கேயே விட்டுடப் போறீங்களா?" என்று கௌரியம்மாள் அழும் குரலில் கேட்டாள். மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. பின்னால் காவடிகள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. கோதண்டபாணி கூட்டத்தைப் பார்த்து, "யாராச்சும் ஒரு தோள் குடுங்கப்பா" என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். காவடி எடுத்தவர்கள் காவடியை இறக்கமுடியாது. மற்றவர்கள் படியைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். அறைந்தவனைக் காணவில்லை.

கன்னியம்மாள் குடத்தை ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கஜபதியின் தோளிலிருந்து நழுவிக் கிடந்த சும்மாட்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம் கன்னிமா" என்றார் கோதண்டபாணி தணிந்த குரலில். "ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பாவா. அவங்க சிரிச்சா இந்த அம்மா எயுந்து நடக்கப் போறாங்களா? தூக்கு."

தூக்கினார்கள். தலையில் சுமப்பது வேறு, தோளில் சுமப்பது வேறு என்று முதல் படியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலைச்சுமை உடம்பு முழுக்க இறங்கும். இது ஒரே இடத்தில் கடிக்கும். மூங்கில் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை எலும்பில் குத்தியது. கோதண்டபாணி முன்னாலிருந்து "ஏறு… ஏறு…" என்று குரல் கொடுக்க, அந்தக் குரலுக்குக் காலை வைத்தாள். பெண் டோலி தூக்குகிறாள் என்ற சேதி அவர்களுக்கு முன்னால் மேலே போய்விட்டது. படியின் இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சிலர் அவளுக்கும் சேர்த்து அரோகரா போட்டார்கள். சிலர் காறித் துப்பினார்கள், அது அவள் புருஷனை நினைத்து. அவள் மனதில் எதுவும் ஏறவில்லை. வாயருகே குனிந்தபோது அவன் பார்த்த பார்வைதான் மூங்கிலோடு சேர்ந்து குத்திக்கொண்டிருந்தது.

மேலே இறக்கி வைத்ததும் கௌரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆம்பளைக்கு மேலடி நீ. அவன் உன் புருஷனா?"

"ஆங்."

"எப்படித்தான் குடித்தனம் பண்றியோ. குடிகாரன் கையில என்ன ஒப்படைச்சிட்டாங்களே."

"அவரு குடிக்கலம்மா."

"சரி சரி" என்று அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டலில் எல்லாம் முடிந்துவிட்டது.

இறங்கி வந்தபோது அந்தப் படியில் கஜபதி இல்லை. குடம் மட்டும் யார் காலிலோ இடறி இரண்டு படி கீழே கிடந்தது. அவன் எங்கே இருப்பான் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெயில் சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. ரயில்வே லைனைத் தாண்டி, சாராயக் கடைக்கு எதிரே இருந்த வேப்பமர நிழலில் நின்றாள். உள்ளே பெண்கள் போவதில்லை. யாரோ அவனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தான். நடுக்கம் நின்றிருந்தது. கை நிதானமாக இருந்தது. நேரே அவளிடம் வந்து முகத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இப்ப மோந்து பாரு" என்றான்.

அவள் மோந்து பார்க்கவில்லை. "வூட்டுக்கு வா" என்றாள். அவன் வந்தான்.

மறுநாள் கோதண்டபாணி வந்து அவள் பங்கைக் கொடுத்தார். நின்றபடியே பேசினார். "இனிமே அவன சேக்க முடியாது. மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. சாயங்காலமே கடைல குந்திகினு இருந்தானாமே. நான் இன்னா சொல்றது?" கன்னியம்மாள், "ஒண்ணும் சொல்லாத பாவா" என்றாள். அவள் டோலி தூக்கிய கதை ஊரில் பத்து நாள் ஓடியது. பெண்டாட்டி நடுப்படியில் சுமக்க, புருஷன் கடையில் கால் நீட்டிக் குடித்தான் என்று கதை தானே தன்னைத் திருத்திக்கொண்டது. தண்ணீர்த் துறையில் சில பெண்கள் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். அது மரியாதையா வேறு எதுவுமா என்று அவள் கண்டுபிடிக்க முயலவில்லை. தோள் வீங்கி ஆறுவதற்குள் ஆவணி பாதி போய்விட்டது.

புரட்டாசி கடைசியில் சாராயக் கடையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. சண்டைக்கு முன்னால் ஒரு தடவை மூடி, சண்டை நடுவில் திறந்ததுதான், இப்போது மறுபடி மூடினார்கள். சந்தைமேட்டில் கூட்டம் போட்டுப் பேசி, கற்கண்டு கொடுத்தார்கள். சடகோபன் கற்கண்டைக் காகிதத்தில் மடித்து கஜபதியின் வீட்டுக்கே கொண்டுவந்தார். "கஜபதி, இனிமே உனக்கு நல்ல காலம்தான். கடையும் இல்ல, சாக்கும் இல்ல. நாளைக்கே போய் வேலைய பாரு" என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார்.

நாளைக்கே அவன் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் பாயில் கிடந்து நடுங்கினான். ஒருநாள் காலை கண் மேலே செருகி, உடம்பு வில்லாக வளைந்து இழுத்தது. கன்னியம்மாள் அவன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் அவள் புடவையெல்லாம் ரத்தம். இதை ஊரில் யாரும் பார்க்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. அன்று அவள் தண்ணீருக்கு வரவில்லை என்று மலைமேலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அரிசி மில்லில் கேட்டான், ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் கேட்டான், கட்டடம் கட்டுகிற இடங்களில் கேட்டான். கடை இருந்தவரை, குடிகாரனுக்கு எப்படி வேலை கொடுப்பது என்றார்கள். இப்போது, கடையை மூடி இத்தனை நாள் ஆகியும் சும்மா இருக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட சோம்பேறி, அவனுக்கு எப்படி வேலை கொடுப்பது என்றார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து ஸ்டேஷன் ஓரம் உட்கார்ந்திருந்த தறிக்காரர்களையும் ஊர் அதே வார்த்தையால்தான் சொன்னது.

மார்கழியில் கனகம்மாசத்திரம் ரோட்டுக்கு ஜல்லி உடைக்க ஆள் எடுத்தார்கள். கங்காணி பரந்தாமன் புத்தூர்க்காரர். இந்த ஊர்ப் பேச்சு எதுவும் அவர் காதுக்கு வந்திருக்கவில்லை. கஜபதிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அது ஒன்றுதான். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து நின்றவர்களை, "அந்தக் குவியல்ல குந்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கன்னியம்மாள் தண்ணீர்ச் சுமையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு அவனோடு கல்லுடைக்க வந்தாள். அவன் ஆறு நாளில் நாலு நாள் வந்தான். ஒருநாள் குளிர்ஜுரம் அடிக்கும். இன்னொரு நாள் மலைக்குப் பின்னால் காட்டுப் பக்கம் போவான். அங்கே திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாளில் அவள் இரண்டு பேர் குவியலையும் ஒருத்தியாக உடைப்பாள்.

ஒருநாள் மத்தியானம் கூழ் குடித்துவிட்டு இருவரும் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. புழுதி அடங்கியதும் கன்னியம்மாள் சொன்னாள்:

"அன்னிக்கி படியில நான் மோந்து பாத்திருக்கக்கூடாது."

அவன் சுத்தியலின் பிடியில் ஆப்பைத் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"நாத்தம் இருந்திச்சா?" என்றான்.

"இல்ல."

"அப்பறம் இன்னா? நானா இருந்தாலும் மோந்துதான் பாத்திருப்பேன்." பிடியை ஆட்டிப் பார்த்தான். இறுகியிருந்தது. "எயுந்திரு. கங்காணி இந்தப் பக்கம் பாத்துகினு இருக்காரு."

இருவரும் எழுந்து வெயிலுக்குப் போனார்கள். அவன் பெரிய கற்களைப் பிளந்து போட, அவள் அவற்றைச் சிறிதாக்கினாள். கொஞ்ச நேரத்தில் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு ஜட்கா வந்து அவர்கள் அருகே மெதுவாயிற்று. உள்ளே சடகோபன். கூட இருந்தவரிடம் கஜபதியைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தீங்களா, கடைய மூடினதும் ஆளு எப்பிடித் திருந்திட்டான். வேல செய்யணும்னு மனசு வந்தா வேல தானா வருது" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "இன்னா கன்னிமா, இப்ப நிம்மதிதானே?" என்று கேட்டார்.

முந்தாநாள்தான் கஜபதி காட்டுப் பக்கம் போய் வந்திருந்தான். அவன் தலை நிமிராமல் கல்லை உடைத்துக்கொண்டிருந்தான். கன்னியம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

"ஆங்" என்றாள். ஜட்கா நகர்ந்ததும் அடுத்த கல்லைக் காலுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டாள்.